லஞ்சம் கொடுத்தது ஏஜெண்ட், வழக்கு நிறுவனத்தின் மீது: பிரிவு 17ஏ என்ன சொல்கிறது?

சுங்கை ஆயர் தாவார், சபாக் பெர்ணாம், சுங்கை புசார் வட்டாரத்தில் வெட்டப்படும் செம்பனைக் குலை ஆலைக்குப் போய்ச் சேரும் முன் பல கைகள் மாறுகிறது. குலை வெட்டும் குத்தகையாளர், லோரிக்காரர், சிறுதோட்டக்காரர்களிடம் பழம் வாங்கும் லைசென்ஸ் வியாபாரி, ஆலையில் எடை போடுபவர், தரம் பிரிப்பவர் என்று வரிசை நீள்கிறது. உரம் சப்ளை செய்பவரும், பாதுகாவலர் அனுப்பும் நிறுவனமும், வெளிநாட்டுத் தொழிலாளர்களை வரவழைக்கும் ஏஜெண்டும் இதே வரிசையில்தான் நிற்கிறார்கள். ஒரு காலத்தில் பால்மரம் சீவியவர்களின் பிள்ளைகளில் சிலர் இன்று இந்த வரிசையில் முதலாளிகள். இரண்டு லோரி, ஆறேழு ஆட்கள், வீட்டு முன்னறையில் ஓர் அலுவலகம், பெயருக்குப் பின்னால் ‘செண்டிரியான் பெர்ஹாட்’.

அந்த இரண்டு சொற்களோடு ஒரு சட்டப் பொறுப்பும் வருகிறது. 2009-ஆம் ஆண்டு மலேசிய ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தில் 2018-இல் சேர்க்கப்பட்ட பிரிவு 17ஏ, 2020 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. கோலாலம்பூரில் கண்ணாடிக் கட்டடத்தில் இருக்கும் பெரிய நிறுவனங்களுக்கான சட்டம் இது என்ற நினைப்பு பலரிடம் உண்டு. சட்டத்தில் அப்படி ஒரு வரம்பு கிடையாது. நிறுவனத்தின் அளவையோ ஆண்டு வருமானத்தையோ அது பார்ப்பதில்லை.

சட்டத்தின் சாரம் இதுதான். ஒரு வணிக நிறுவனத்தோடு தொடர்புடைய ஒருவர், அந்த நிறுவனத்துக்கு ஒரு வேலையையோ சாதகத்தையோ பெறுவதற்காக, அல்லது இருப்பதைத் தக்கவைப்பதற்காக லஞ்சம் கொடுத்தால், கொடுக்க ஒப்புக்கொண்டால், தருவதாக வாக்களித்தால், நிறுவனமே குற்றம் செய்ததாகிவிடும். முதலாளிக்குத் தெரியுமா தெரியாதா என்பதை அரசுத் தரப்பு நிரூபிக்கத் தேவையில்லை. பழைய பிரிவுகளின்படி, கொடுத்தவரும் வாங்கியவரும்தான் கூண்டில் ஏறினார்கள். லாபம் பார்த்த நிறுவனம் ஓர் ஊழியரைக் கைகாட்டி விட்டுத் தப்பித்துக்கொள்ள முடிந்தது. 17ஏ அடைத்தது அந்தச் சந்தைத்தான்.

தண்டனைக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். லஞ்சத் தொகையைப் போல் 10 மடங்கு, அல்லது 10 லட்சம் ரிங்கிட், இவற்றில் எது அதிகமோ அதற்குக் குறையாத அபராதம். அல்லது 20 ஆண்டுகள் வரை சிறை. அல்லது இரண்டும். ஓர் உதாரணத்துக்கு, பழ லோரி நிறுவனம் ஒன்றின் மேற்பார்வையாளர் ஆலையில் தரம் பிரிப்பவருக்கு மாதம் 500 ரிங்கிட் ‘காப்பிக் காசு’ கொடுத்து வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 6,000 ரிங்கிட். அதில் 10 மடங்கு 60,000 ரிங்கிட். ஆனால் சட்டம் பெரிய தொகையைத்தான் எடுத்துக்கொள்ளும். ஆக அபராதம் தொடங்குவதே 10 லட்சத்தில். இரண்டு லோரியை விற்றாலும் கட்ட முடியாத தொகை அது.

இந்த உதாரணம் காரணத்தோடு எடுக்கப்பட்டதுதான். லஞ்சம் என்றாலே அரசாங்க அதிகாரியும் போலீசும்தான் நம் நினைவுக்கு வருகிறார்கள். தனியார் ஆலையில் வேலை செய்பவருக்குக் கொடுப்பது ‘அன்பளிப்பு’ என்றே பலர் நினைக்கிறார்கள். செம்பனைத் தொழிலில் பணம் நிர்ணயமாகும் இடங்கள் இரண்டு. ஒன்று எடை மேடை, மற்றொன்று தரம் பிரிக்கும் தளம். குலை காயா, பழமா, அழுகியதா, காம்பு நீளமா என்று பார்த்து எழுதுபவரின் பேனாவில் ஒரு லோரியின் விலை ஏறி இறங்கும். காய்க் குலையில் எண்ணெய் குறைவு என்பதால் அதற்குக் கழிவு உண்டு. அந்தக் கழிவைக் குறைத்து எழுதச் சொல்லிக் கொடுக்கும் பணம், தனியாருக்குத் தனியார் கொடுத்தாலும் லஞ்சம்தான். ஏமாறுவது ஆலை மட்டுமில்லை. காசு கொடுக்காத சிறுதோட்டக்காரரின் நல்ல பழத்துக்கும் அதே தளத்தில்தான் விலை போடப்படுகிறது.

‘தொடர்புடையவர்’ யார்?

சட்டத்தில் மிகவும் அகலமான சொல் இதுதான். இயக்குநர், பங்காளி, ஊழியர் ஆகியோர் மட்டுமல்லாமல், நிறுவனத்துக்காக அல்லது நிறுவனத்தின் சார்பில் சேவை செய்யும் யாரும் இதில் அடங்குவர். சம்பளப் பட்டியலில் பெயர் இருக்க வேண்டியதில்லை. பெர்மிட் எடுத்துத் தரும் ரன்னர், டெண்டர் விவரம் ‘பார்த்துச் சொல்லும்’ இடைத்தரகர், ஆட்களைக் கொண்டு வரும் ஏஜெண்ட், துணைக் குத்தகையாளர் என எல்லாரும் வரக்கூடும். உண்மையில் யார் யாருக்காக வேலை செய்தார் என்பதைச் சூழ்நிலை முழுவதையும் வைத்து நீதிமன்றம் முடிவு செய்யும். தாளில் எழுதிய உறவுமுறை மட்டும் அதற்குப் போதாது.

“எப்படி முடிப்பாயோ தெரியாது, எனக்கு பெர்மிட் வேண்டும்” என்று ரன்னரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகும் முதலாளிதான் இதில் வசமாக மாட்டுபவர். கண்ணை மூடிக்கொள்வது முன்பு தற்காப்பாக இருந்தது. இப்போது அதுவே குற்றச்சாட்டின் ஆதாரமாகலாம்.

நிறுவனம் குற்றவாளி என்றால் அதன் இயக்குநர்கள், கட்டுப்படுத்துபவர்கள், நிர்வாகத்தில் சம்பந்தப்பட்டவர்கள் ஆகியோரும் அதே குற்றத்தைச் செய்ததாகவே கொள்ளப்படுவர். தமது சம்மதம் இல்லாமல் நடந்தது என்றும், அதைத் தடுக்கத் தக்க கவனம் எடுத்துக்கொண்டதாகவும் அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும். மனைவி பெயரையும் அம்மா பெயரையும் இயக்குநராகப் போட்டு நிறுவனம் தொடங்கும் வழக்கம் நம்மிடையே நிறைய உண்டு. ஒரு நாளும் அலுவலகத்தில் உட்காராத அந்த அம்மாவும் சட்டத்தின் கண்ணில் இயக்குநர்தான்.

கம்பெனிச் சட்டம் 2016-இன் கீழ்ப் பதிவான நிறுவனங்கள், பங்காளித் தொழில்கள், வரையறுக்கப்பட்ட பொறுப்புப் பங்காண்மைகள், மலேசியாவில் தொழில் செய்யும் வெளிநாட்டு நிறுவனங்கள் ஆகியவை பிரிவு 17ஏ-க்குள் வருகின்றன. தனியொருவர் பெயரில் நடத்தும் சிறு வியாபாரம் இந்தப் பிரிவில் வராது. ஆனால் அவர் தானே லஞ்சம் கொடுத்தால் சட்டத்தின் மற்றப் பிரிவுகள் அவருக்குக் காத்திருக்கின்றன. மலேசிய நிறுவனம் வெளிநாட்டில் கொடுத்த லஞ்சத்துக்கும் இங்கே வழக்குத் தொடுக்கலாம்.

முதல் வழக்கு

இந்தப் பிரிவின் கீழ் முதலில் குற்றஞ்சாட்டப்பட்டது கடல்சார் சேவை நிறுவனமான பிரிஸ்டின் ஆஃப்ஷோர் செண்டிரியான் பெர்ஹாட். 2021 மார்ச் 18-ஆம் தேதி ஷா ஆலம் செஷன்ஸ் நீதிமன்றத்தில் குற்றச்சாட்டு வாசிக்கப்பட்டது. பெட்ரோனாஸ் சாரிகாலி தொடர்பான ஒரு துணைக் குத்தகையைப் பெறுவதற்காக, அதன் முன்னாள் இயக்குநர் வழியாக, டெலியும் பிரைமேரா என்ற நிறுவனத்தின் உயர் அதிகாரிக்கு 321,350 ரிங்கிட் கொடுக்கப்பட்டது என்பது குற்றச்சாட்டு. இங்கே சொல்லப்படுவது குற்றச்சாட்டின் விவரம் மட்டுமே.

இந்த வழக்கில் கவனிக்க வேண்டியது, பணம் வாங்கியதாகச் சொல்லப்பட்டவர் அரசு அதிகாரி அல்லர் என்பதுதான். தனியார் நிறுவனம், தனியார் அதிகாரி, ஒரு துணைக் குத்தகை. தோட்டத் தொழிலில் நாள்தோறும் நடக்கும் ஏற்பாட்டின் வடிவமும் ஏறக்குறைய இதுவே. பெரிய நிறுவனத்திடமிருந்து ஒருவர் வேலை எடுக்கிறார், அவரிடமிருந்து இன்னொருவர் எடுக்கிறார். குற்றம் நிரூபணமானால் அந்தத் தொகைக்கு அபராதம் 32 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டும்.

எங்கிருந்து வந்தது இந்தச் சட்டம்?

அமெரிக்க விமான நிறுவனம் லாக்ஹீட் பல நாட்டு அரசியல்வாதிகளுக்கும் அதிகாரிகளுக்கும் பணம் கொடுத்தது 1970-களில் வெளியானது. அதன் பிறகு 1977-இல் அமெரிக்கா வெளிநாட்டு லஞ்சத் தடைச் சட்டத்தைக் கொண்டு வந்தது. தன் நாட்டு நிறுவனம் வேற்று நாட்டு அதிகாரிக்குக் கொடுத்தாலும் குற்றம் என்ற கருத்து அங்கிருந்துதான் பரவியது. பிரிட்டன் 2010-இல் இயற்றிய லஞ்சச் சட்டம் இன்னும் ஒரு படி போய், ‘லஞ்சத்தைத் தடுக்கத் தவறுவது’ என்பதையே நிறுவனத்தின் குற்றமாக்கியது. தடுப்பதற்குப் போதுமான நடைமுறைகள் வைத்திருந்தோம் என்று காட்டுவதே நிறுவனத்துக்கு ஒரே தற்காப்பு. மலேசியாவின் 17ஏ அந்த அச்சில் வார்த்ததுதான். ஐ.நா. ஊழல் எதிர்ப்பு உடன்படிக்கையை மலேசியா 2008-இல் ஏற்று உறுதி செய்திருந்தது. ஆனால் நிறுவனப் பொறுப்பு சட்டமாவதற்கு மேலும் பத்தாண்டுகள் பிடித்தன. இடையில் 1எம்டிபி வந்து போயிற்று.

நடைமுறைகள் தாளில் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1எம்டிபியை விடப் பெரிய பாடம் உலகத்தில் குறைவு. 2012, 2013 ஆண்டுகளில் 1எம்டிபிக்காக 650 கோடி அமெரிக்க டாலர் பத்திரங்களை வெளியிட்டுக் கொடுத்த கோல்ட்மேன் சாக்ஸ் வங்கியில் இல்லாத விதிமுறை கிடையாது. இணக்கப் பிரிவு இருந்தது, பரிசீலனைக் குழு இருந்தது, கேள்விப் படிவங்கள் இருந்தன. ஜோ லோ என்பவரோடு தொடர்புடைய பரிவர்த்தனை அபாயமானது என்று அந்தப் பிரிவினருக்கே தெரிந்திருந்தது. ஆனால் ‘அவர் இதில் இருக்கிறாரா?’ என்று, ஒப்பந்தத்தால் லாபம் பெறப்போகிறவர்களிடமே கேட்டு, ‘இல்லை’ என்ற பதிலை ஏற்றுக்கொண்டார்கள். 2020 அக்டோபரில் அதன் மலேசியக் கிளை அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. குழுமம் 290 கோடி டாலருக்கு மேல் கட்ட இணங்கியது.

ஆட்டைக் காணவில்லை என்று ஓநாயிடம் விசாரித்தது போன்ற வேலை அது. சிறு நிறுவனத்திலும் இதே தவறு நடக்கும். லோரி மேற்பார்வையாளர் யாருக்காவது காசு கொடுக்கிறாரா என்று அந்த மேற்பார்வையாளரிடமே கேட்டால் என்ன பதில் வரும்?

செம்பனைத் துறையிலேயே அண்டை நாட்டில் ஒரு நேரடிச் சம்பவம் உண்டு. 2018-இல் இந்தோனேசியாவின் மத்திய கலிமந்தானில், சினார் மாஸ் குழுமத்தைச் சேர்ந்த ஒரு செம்பனை நிறுவனத்தின் நிர்வாகிகள், மாநில மன்ற உறுப்பினர்களுக்கு 24 கோடி ரூப்பியா கொடுத்ததற்காக அந்நாட்டு ஊழல் ஒழிப்பு ஆணையத்திடம் பிடிபட்டனர். ஏரி மாசு, பெர்மிட் குறைபாடுகள் பற்றிய விசாரணையை அமுக்குவதற்கான பணம் அது. மறு ஆண்டு அவர்களுக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. ரூப்பியாவில் பெரிய எண்ணாகத் தெரிந்தாலும், அந்நாளைய மதிப்பில் அது சுமார் 65,000 ரிங்கிட்தான். அந்தச் சின்னத் தொகை சிங்கப்பூர் பங்குச் சந்தையில் இருக்கும் தாய் நிறுவனத்தின் பெயரை உலகச் செய்தியாக்கியது.

தலைக்காசு முதல் ஏஜெண்ட் கட்டணம் வரை

கோல சிலாங்கூர் வட்டாரம் பன்னாட்டு வணிகத்துக்குப் புதிதன்று. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமான தென்னமாரம், 1917-இல் பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோக்கோனியே இங்கே தொடங்கியதுதான். ஐரோப்பிய முதல், ஐரோப்பியச் சந்தை, தமிழ்நாட்டு உழைப்பு. ஊரிலிருந்து ஆள் கொண்டு வந்த கங்காணிக்குத் தலைக்குக் காசு கொடுத்தது அந்தக் காலத்துத் தோட்ட நிர்வாகம். வந்தவரின் கணக்கில் வழிச்செலவும் முன்பணமும் கடனாக நின்றன. கங்காணி வழி ஆள் எடுப்பு 1938-இல் இந்திய அரசின் தடையோடு முடிந்தது. இடைத்தரகரும் தலைக்காசும் முடியவில்லை.

இன்று அந்த இடத்தில் வங்காளதேசி, நேப்பாளி, இந்தோனேசியர், இந்தியர் நிற்கிறார்கள். ஊரில் நிலத்தை அடகு வைத்து ஏஜெண்டுக்குக் கட்டிய பணத்தில் ஒரு பங்கு எங்கெங்கே போகிறது என்பது பழைய கேள்வி. அதற்குச் சந்தை ஒரு பதில் சொன்னது. 2020 செப்டம்பரில் எஃப்ஜிவி, டிசம்பரில் சைம் டார்பி பிளாண்டேஷன் ஆகிய நிறுவனங்களின் செம்பனை எண்ணெயை, கட்டாய உழைப்பின் அறிகுறிகள் இருப்பதாகச் சொல்லி அமெரிக்கச் சுங்கத்துறை தடுத்தது. அதன் பின் சைம் டார்பி பிளாண்டேஷன், பணியிலிருப்போரும் விலகியோருமாக 34,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களுக்கு, அவர்கள் கட்டிய ஏஜெண்ட் கட்டணத்துக்காக ஏறக்குறைய 8 கோடியே 20 லட்சம் ரிங்கிட் திருப்பித் தர முன்வந்தது. அமெரிக்கத் தடை 2023 பிப்ரவரியில் விலக்கப்பட்டது. அந்த நிறுவனம் இப்போது எஸ்டி கத்ரி என்று அழைக்கப்படுகிறது.

கட்டாய உழைப்பும் லஞ்சமும் சட்டத்தில் வெவ்வேறு குற்றங்கள். ஆனால் இரண்டும் நுழையும் கதவு ஒன்று: யார் என்று விசாரிக்காமல், ரசீது கேட்காமல் நம்பிய இடைத்தரகர். அதனால்தான் பெரிய தோட்ட நிறுவனங்கள் இப்போது தமக்கு வேலை செய்யும் சின்னக் குத்தகையாளரிடமும் நேர்மை உறுதிமொழிக் கடிதம் கேட்கின்றன. பங்குச் சந்தையில் இருக்கும் எந்த நிறுவனமும் ஊழல் தடுப்புக் கொள்கை வைத்திருக்க வேண்டும், மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறையாவது அதன் பலனை மறுபார்வை செய்ய வேண்டும் என்று புர்சா மலேசியாவும் விதித்திருக்கிறது. நிலைத்தன்மைச் சான்றிதழ் தரும் ஆர்எஸ்பிஓ அமைப்பின் விதிகளிலும் நெறியான வணிக நடத்தை ஓர் அம்சம். கையொப்பம் போடும் நம் குத்தகையாளர்களில் பலர் அந்தக் கடிதத்தைப் படிப்பதில்லை என்பதுதான் வருத்தம். லஞ்சம் கண்டுபிடிக்கப்பட்டால் ஒப்பந்தத்தை உடனே முறிக்கலாம் என்ற வரி அதில் இருக்கக்கூடும். வழக்கு வரும் முன்பே வேலை போய்விடும்.

2025 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் டிரம்ப் வெளிநாட்டு லஞ்ச வழக்குகளை நிறுத்தி வைத்ததும், ‘இனி இதெல்லாம் தேவையில்லை’ என்ற பேச்சு எழுந்தது. சில மாதங்களில் புதிய வழிகாட்டியோடு அங்கே வழக்குகள் மீண்டும் திறந்தன. எப்படியிருந்தாலும் 17ஏ மலேசியச் சட்டம். அமெரிக்காவின் முடிவு அதைத் தொடாது.

‘போதுமான நடைமுறை’ என்றால் என்ன?

குற்றம் நடந்துவிட்டது, நிறுவனம் எப்படித் தன்னைக் காத்துக்கொள்ளும்? தடுப்பதற்குப் போதுமான நடைமுறைகள் இருந்தன என்று நிறுவனமே நிரூபிக்க வேண்டும். அவை எப்படி இருக்க வேண்டும் என்று பிரதமர் துறை 2018 டிசம்பரில் வழிகாட்டி வெளியிட்டது. மேலிடத்தின் உறுதி, அபாய மதிப்பீடு, கட்டுப்பாடுகள், கண்காணிப்பும் நடவடிக்கையும், பயிற்சியும் தகவல் தொடர்பும் என ஐந்து கோட்பாடுகள். ஆங்கில முதல் எழுத்துகளைச் சேர்த்து ‘டிரஸ்ட்’ என்கிறார்கள். நிறுவனத்தின் அளவுக்கும் தொழிலின் தன்மைக்கும் ஏற்றபடி செய்தால் போதும் என்று வழிகாட்டியே சொல்கிறது. ஆறு ஆட்கள் உள்ள நிறுவனம் பெட்ரோனாஸ் போல் புத்தகம் போட வேண்டியதில்லை.

ஆனால் வேறொரு நிறுவனத்தின் கொள்கையை இறக்கி, பெயரை மட்டும் மாற்றிக் கோப்பில் வைப்பது எதற்கும் உதவாது. ஐஎஸ்ஓ 37001 சான்றிதழ்கூடத் தானாகவே கவசமாகிவிடாது. நீதிமன்றம் கேட்கப்போவது உங்கள் தொழிலில் பணம் கைமாறக்கூடிய இடம் எது, அங்கே என்ன செய்தீர்கள் என்பதைத்தான்.

பழ லோரி நிறுவனத்துக்கு அந்த இடங்கள் எடை மேடையும் தரத் தளமும் சாலைச் சோதனையும். கூடுதல் பாரம் ஏற்றிய லோரிகளைக் கண்டுகொள்ளாமல் விட லஞ்சம் வாங்கிய சந்தேகத்தில் 2019-இல் பினாங்கில் ஜேபிஜே அதிகாரிகள் பலர் கைதானது நினைவிருக்கும். கூடுதல் பாரம் ஏற்றச் சொல்லும் முதலாளி, வழியில் கொடுக்க வேண்டிய காசையும் சேர்த்தே திட்டமிடுகிறார் என்பதே நடைமுறை உண்மை. பாரத்தைக் குறைப்பதுதான் அங்கே முதல் ஊழல் தடுப்பு நடைமுறை. கொள்கைப் புத்தகத்தில் அது இருக்காது.

மற்றவை எல்லாம் வீட்டுக் கணக்கு போன்றவை. ரொக்கத்தைக் குறைத்து வங்கி வழி கொடுப்பது. செலவுக்கு ஒப்புதல் தருபவரும் பணத்தை எடுப்பவரும் ஒரே ஆளாக இல்லாமல் பார்ப்பது. ரன்னருக்குக் கட்டணம் எவ்வளவு, அரசாங்கக் கட்டணம் எவ்வளவு என்று தனித்தனி ரசீது கேட்பது. ‘இதர செலவு’ என்று எழுதிய பில்லைத் திருப்பி அனுப்புவது. புதிய ஏஜெண்டை எடுக்கும் முன் கம்பெனிப் பதிவைப் பார்ப்பது. செய்த ஒவ்வொன்றையும் தேதியோடு எழுதி வைப்பது மிக முக்கியம். எழுதாத நடைமுறையை நீதிமன்றத்தில் காட்ட முடியாது.

பயிற்சியில் ஒரு சங்கடம் இருக்கிறது. ஆங்கிலத்தில் அச்சடித்த கொள்கையில் தமிழ் மட்டும் தெரிந்த மண்டோரும், வங்காள மொழி மட்டும் தெரிந்த குலை வெட்டுபவரும் கையொப்பம் போடுகிறார்கள். அது பயிற்சி அன்று. காலை பெரட்டில் பத்து நிமிடம், புரிகிற மொழியில், ‘ஆலையில் யாராவது காசு கேட்டால் கொடுக்காதே, எனக்கு போன் செய்’ என்று முதலாளி நேரில் சொல்லி, அதை ஒரு நோட்டில் குறித்து வைத்தால் அது அதிகம் பெறும்.

தீபாவளிக் கூடையும் கோயில் நன்கொடையும்

சட்டத்தில் ‘லஞ்சம்’ என்பது ரொக்கம் மட்டும் அல்ல. பரிசு, கடன், தள்ளுபடி, வேலை, சேவை, நன்கொடை எல்லாம் அதன் விளக்கத்தில் இருக்கின்றன. ஒரு தொழிலிலோ சடங்கிலோ இது வழக்கம்தான் என்று காட்டும் சாட்சியத்தையும் சட்டம் ஏற்பதில்லை. ‘எங்கள் வழக்கம் ஐயா’ என்ற வாதம் நீதிமன்றத்தில் நிற்காது.

அதற்காகத் தீபாவளிக்கு முறுக்கு டப்பா கொடுப்பது குற்றமாகிவிடாது. ஏதாவது ஒரு சாதகத்துக்காக, கெட்ட நோக்கோடு கொடுக்கப்பட்டதா என்பதே கேள்வி. டெண்டர் முடிவாகும் வாரத்தில் அதை முடிவு செய்பவர் வீட்டுக்குப் போகும் பெரிய கூடைக்கும், எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே மாதிரி அனுப்பும் பலகாரத்துக்கும் வித்தியாசம் எல்லோருக்கும் தெரியும்.

கோயில் விஷயம்தான் நுணுக்கமானது. தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கும் தமிழ்ப்பள்ளி நிகழ்ச்சிக்கும் குத்தகையாளர்கள் கொடுக்கும் பணம் இல்லாமல் பல காரியம் நடக்காது. ஆனால் வேலை தருபவரோ பெர்மிட் தருபவரோ, ‘எனக்கு வேண்டாம், நம் கோயிலுக்குப் பார்த்துச் செய்யுங்கள்’ என்று சொன்னால் நிலைமை வேறு. பணம் சாமிக்குப் போனாலும், காரியத்துக்காகக் கேட்டுக் கொடுத்தால் அது லஞ்சமாகப் பார்க்கப்படலாம். கோயில் நிர்வாகத்தின் பெயரில் காசோலை, ரசீது, எந்தக் குத்தகையோடும் சேராத தேதி, இவை கொடுப்பவரையும் காக்கும், கோயில் செயலவையையும் காக்கும்.

கேட்டால் என்ன செய்வது?

பலருக்குத் தெரியாத பொறுப்பு ஒன்று சட்டத்தில் இருக்கிறது. உங்களிடம் ஒருவர் லஞ்சம் கேட்டால், கொடுக்காமல் இருப்பது மட்டும் போதாது. முடிந்த விரைவில் எம்ஏசிசியிடமோ போலீசிடமோ புகார் செய்ய வேண்டும். நியாயமான காரணமின்றிச் செய்யாமல் விட்டால் 10,000 ரிங்கிட் வரை அபராதம், இரண்டு ஆண்டுகள் வரை சிறை, அல்லது இரண்டும். எம்ஏசிசியின் இலவசத் தொலைபேசி எண் 1-800-88-6000.

பயம் நியாயமானதுதான். புகார் செய்பவர் நாளைக்கும் அதே ஆலைக்குத்தான் பழம் ஏற்றிப் போக வேண்டும். 2010-ஆம் ஆண்டுத் தகவல் தருவோர் பாதுகாப்புச் சட்டம் பெயரை ரகசியமாக வைக்கவும், அவர் மீது வழக்கோ பழிவாங்கலோ வராமல் பாதுகாக்கவும் வகை செய்கிறது. ஆனால் அந்தப் பாதுகாப்பு அமலாக்க அமைப்பிடம் தகவல் கொடுப்பவருக்குத்தான். ஃபேஸ்புக்கில் நேரலை போட்டவருக்கும், வாட்ஸ்அப் குழுக்களில் குரல் பதிவு அனுப்பியவருக்கும், பத்திரிகைக்கு மட்டும் சொன்னவருக்கும் அந்தக் கவசம் கிடைக்காது. அந்தத் தவறில் தாமும் பங்கெடுத்திருந்தால் பாதுகாப்பு ரத்தாகலாம் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

புகாரை வாய்மொழியாகவும் சொல்லலாம், அதிகாரி அதை எழுத்தில் பதிவு செய்துகொள்வார். கேட்டவர் யார், எந்த இடம், எந்த நாள், எவ்வளவு, எதற்காக, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்ற விவரங்களை அன்றைக்கே ஒரு தாளில் குறித்துக்கொள்வது நல்லது. எடைச் சீட்டு, தரம் பிரித்த சீட்டு, போன் செய்தி ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும்.